குளோபல் ஸ்டேட்டில் எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். திரைகளைக் கட்டும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியான ரியாக்டில் எழுதிய, நடுத்தர அளவுள்ள ஓர் அட்மின் பேனல். லாகின் செய்தவரின் விவரம், ஆர்டர் பட்டியல், ஃபில்டர்கள், எந்த மோடல் (பக்கத்தின் மேல் திறக்கும் பெட்டி) திறந்திருக்கிறது, தீம், படிக்காத அறிவிப்புகளின் எண்ணிக்கை என எல்லாமே ஒரே ‘ஆப் கான்டெக்ஸ்ட்’டில் (ஆப்பின் எந்தப் பகுதியும் வாசிக்கக்கூடிய பொது இடத்தில்) கிடக்கின்றன. தேடல் பெட்டியில் ஓர் எழுத்து தட்டினாலே பக்கம் திணறுகிறது. அதோடு, ஒரே ஆர்டர் பட்டியலில் ‘நிலுவை’ என்றும் விவரப் பக்கத்தில் ‘அனுப்பியாயிற்று’ என்றும் காட்டுகிறது. ஸ்டேட்டை, அதாவது ஆப் நினைவில் வைத்திருக்கும் தரவை, ஸ்டோர் என்ற ஓரிடத்தில் வைத்து நிர்வகிக்கும் லைப்ரரிகளான ரெடக்ஸுக்கு மாறலாமா, ஜுஸ்டாண்டுக்கு மாறலாமா?

இப்போதைக்கு இரண்டுக்கும் மாற வேண்டாம். நீங்கள் சொல்லும் இரண்டு கோளாறுகளுக்கும் காரணம் ஒன்றல்ல. திணறல் வருவது கான்டெக்ஸ்ட் வேலை செய்யும் விதத்தால். ஒரே ஆர்டர் இரண்டு நிலையில் தெரிவது, சர்வருக்குச் சொந்தமான தரவை பிரவுசரில் இரண்டு இடத்தில் நகலெடுத்து வைத்திருப்பதால். இருப்பதை அப்படியே ரெடக்ஸுக்குத் தூக்கிக்கொண்டு போனால் முதல் கோளாறு பெரும்பாலும் தீரும். இரண்டாவது கூடவே வரும். ஆகவே எந்த லைப்ரரி என்று யோசிப்பதற்கு முன், ஒவ்வொரு தரவையும் எடுத்து வைத்துக்கொண்டு ‘இதற்கு உண்மையான சொந்தக்காரர் யார்?’ என்று கேளுங்கள். சர்வரா, யூஆர்எல்லா, ஒரே ஒரு காம்பொனென்டா (திரையின் ஒரு துண்டா), இல்லை ஆப் முழுவதுமா? இந்தப் பிரிப்பைச் செய்து முடித்தால், குளோபல் ஸ்டேட் (ஆப் முழுவதற்கும் பொதுவான தரவு) என்று நாம் சொல்லிக்கொண்டிருந்ததில் பெரும்பகுதி குளோபல் ஸ்டேட்டே இல்லை என்பது தெரிந்துவிடும்.

திணறலிலிருந்து தொடங்குகிறேன். கான்டெக்ஸ்டை வழங்கும் ப்ரொவைடருக்குக் கொடுக்கும் மதிப்பு மாறியதும், அந்தக் கான்டெக்ஸ்டை வாசிக்கும் எல்லா காம்பொனென்டுகளும் மறுபடி ரெண்டர் ஆகும், அதாவது தங்கள் திரைப்பகுதியைக் கணக்கிட மறுபடி ஓடும். மதிப்புக்குள் எந்தப் பகுதி மாறியது, யார் எந்தப் பகுதியைப் பயன்படுத்துகிறார்கள் என்றெல்லாம் ரியாக்ட் பார்ப்பதில்லை. பழைய ஆப்ஜெக்டும் புதிய ஆப்ஜெக்டும் ஒன்றேதானா என்று மட்டும் பார்க்கும். உங்கள் ஆப்பில் நடப்பதை ஒவ்வோர் அடியாகப் பாருங்கள். பயனர் ஓர் எழுத்து தட்டுகிறார். தேடல் சொல் கான்டெக்ஸ்டில் இருப்பதால் ப்ரொவைடர் ரெண்டர் ஆகிறது. பயனர், ஆர்டர்கள், ஃபில்டர், தீம் எல்லாவற்றையும் அடக்கிய ஓர் ஆப்ஜெக்ட் புதிதாக உருவாகிறது. மேலே ஹெடரில் பயனரின் பெயரை மட்டும் காட்டும் காம்பொனென்டும், ஆர்டர் பட்டியலின் ஒவ்வொரு வரிசையும், அறிவிப்பு மணியும், யாரெல்லாம் அந்தக் கான்டெக்ஸ்டைத் தொட்டார்களோ அத்தனையும் மறுபடி ஓடுகின்றன. தேவையில்லாத ரெண்டரைத் தவிர்க்கும் மெமோவில் காம்பொனென்டைச் சுற்றினாலும் தப்ப முடியாது. மெமோ தடுப்பது ப்ராப்ஸ் (மேலே உள்ள காம்பொனென்ட் தரும் மதிப்புகள்) வழியாக வரும் ரெண்டரை மட்டுமே, கான்டெக்ஸ்ட் வழியாக வருவதை அல்ல. கணக்கிட்டதை நினைவில் வைக்கும் யூஸ்மெமோவில் அந்த ஆப்ஜெக்டை வைத்தும் பயனில்லை. தேடல் சொல்லும் அதற்குள்தான் இருக்கிறது, அது எழுத்துக்கு எழுத்து மாறுகிறது. ரியாக்ட் டெவ்டூல்ஸின் ப்ரொஃபைலரில், ஒவ்வொரு காம்பொனென்டும் ஏன் ரெண்டர் ஆனது என்பதைப் பதிவு செய்யும் வசதியை இயக்கிவிட்டு மூன்றெழுத்து தட்டிப் பாருங்கள். நான் சொல்வதை நம்ப வேண்டியதில்லை, கண்ணெதிரே தெரியும்.

இதை வைத்துக் கான்டெக்ஸ்டே மோசம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். எப்போதாவது மட்டும் மாறும் தரவை காம்பொனென்ட் மரத்தின் ஆழம்வரை கொண்டுசேர்க்க அதைவிட எளிய வழி இல்லை. தீம், மொழி, லாகின் செய்தவர் ஆகியவற்றுக்கு அது கச்சிதம். அடிக்கடி மாறும் தரவுக்கு மட்டும் அதை ஸ்டோராக்கக் கூடாது. இந்தப் பாடத்தை ரெடக்ஸ் குழுவினரே அனுபவித்துத் தெரிந்துகொண்டார்கள். 2018 மார்ச்சில் ரியாக்ட் 16.3-இல் புதிய கான்டெக்ஸ்ட் வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் வெளிவந்த, ரியாக்டையும் ரெடக்ஸையும் இணைக்கும் ரியாக்ட்-ரெடக்ஸ் 6, ஸ்டோரின் ஸ்டேட்டையே கான்டெக்ஸ்ட் வழியாக அனுப்பிப் பார்த்தது. வேகம் குறைந்தது. 2019-இல் வந்த 7-ஆம் பதிப்பில், கான்டெக்ஸ்ட் வழியாக ஸ்டோரை மட்டும் கொடுத்துவிட்டு, மாற்றங்களை ஒவ்வொரு காம்பொனென்டும் நேரடியாக சப்ஸ்கிரைப் செய்துகொள்ளும் (மாறினால் தெரிவிக்கும்படி பதிவுசெய்துகொள்ளும்) பழைய முறைக்கே திரும்பினார்கள். ஜுஸ்டாண்ட் போன்றவையும் அடிப்படையில் இந்த சப்ஸ்கிரிப்ஷன் வழியில்தான் இயங்குகின்றன.

உங்கள் தேடல் பெட்டிக்கு இதெல்லாம்கூடத் தேவையில்லை. தட்டிக்கொண்டிருக்கும் சொல் அந்தப் பெட்டிக்கு மட்டுமே சொந்தம். அதை, ஒரு காம்பொனென்டின் சொந்தத் தரவை வைக்கும் யூஸ்ஸ்டேட்டில் அங்கேயே வையுங்கள். தட்டுவது நின்று 300 மில்லிசெகண்ட் போனதும் வெளியே அனுப்புங்கள். திணறலில் பெரும்பங்கு இந்த ஒரு மாற்றத்திலேயே போய்விடும்.

இனி, இரண்டு நிலை காட்டும் ஆர்டர். இதுதான் கனமான விஷயம்.

ஒரே பக்கத்தில் ஒரே தரவு பல இடங்களில் முரண்படுவது பழைய தலைவலி. 2014-இல் ஃபேஸ்புக் தரவைக் கையாளும் தன் ஃப்ளக்ஸ் முறையை மேடையில் விளக்கியபோது எடுத்துக்கொண்ட உதாரணமே இதுதான்: படிக்காத சாட் செய்தி ஒன்று இருப்பதாக மேலே எண் காட்டும், கிளிக் செய்தால் புதிதாக எதுவும் இருக்காது. சரிசெய்தாலும் கொஞ்ச நாளில் திரும்ப முளைக்கும். தரவு ஒரே திசையில்தான் பாய வேண்டும் என்ற ஒழுங்கு அங்கிருந்து வந்தது. 2015-இல் டான் அப்ரமோவும் ஆண்ட்ரூ கிளார்க்கும் உருவாக்கிய ரெடக்ஸ், அதை ஒரே ஸ்டோர், பியூர் ரெடியூசர் (பழைய ஸ்டேட்டையும் நடந்த செயலையும் வாங்கிப் புதிய ஸ்டேட்டைத் தரும் ஃபங்ஷன்) என்ற வடிவில் எல்லோர் கைக்கும் கொண்டுவந்தது. அருமையான யோசனைதான். ஆனால் அதிலிருந்து ஒரு பழக்கமும் ஒட்டிக்கொண்டது: ஏபிஐயிலிருந்து, அதாவது சர்வரிலிருந்து, எது வந்தாலும் ஸ்டோரில் கொட்டுவது. கேட்கத் தொடங்கியது, கிடைத்தது, தவறியது என்று ஒவ்வொரு அழைப்புக்கும் மூன்று ஆக்‌ஷன், ஒரு லோடிங் கொடி. பல ஆண்டுகள் நாம் எல்லோரும் இப்படித்தான் எழுதினோம்.

சர்வர் தரவு பிரவுசரில் இருக்கும்போது அது ஒரு நகல். நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அங்கே இன்னொருவர் மூலத்தை மாற்றியிருக்கலாம். எனவே கேள்விகளே வேறு: இது எவ்வளவு பழையது, எப்போது மறுபடி கேட்க வேண்டும், ஒரே நேரத்தில் மூன்று காம்பொனென்டுகள் கேட்டால் மூன்று அழைப்பு போகுமா, யாரும் பார்க்காத தரவை எப்போது தூக்கியெறிவது. சாதாரண ஸ்டோருக்கு இவற்றில் ஒன்றும் தெரியாது. எல்லாவற்றையும் நீங்களே எழுத வேண்டும், எழுதும்போது ஒன்றிரண்டு விட்டுப்போகும்.

விட்டுப்போவதில் மிக வழக்கமான ஒன்றைக் காட்டுகிறேன். பயனர் ஃபில்டரில் ‘நிலுவை’யைத் தேர்ந்தெடுக்கிறார், உடனே மனம் மாறி ‘முடிந்தவை’க்குப் போகிறார். இரண்டு அழைப்புகளும் கிளம்பிவிட்டன. முதலாவதற்குப் பதில் வர 900 மில்லிசெகண்ட், இரண்டாவதற்கு 300 என்று வைத்துக்கொள்வோம். ‘முடிந்தவை’ முதலில் வந்து ஸ்டோரில் உட்காருகிறது, திரையில் சரியாகவே தெரிகிறது. அரை நொடி கழித்து ‘நிலுவை’யின் பதில் வந்து அதே இடத்தில் எழுதிவிடுகிறது. இப்போது ஃபில்டர் ‘முடிந்தவை’ என்கிறது, கீழே நிலுவை ஆர்டர்கள். நெட்வொர்க் வேகமாக இருக்கும் டெவலப்பரின் கணினியில் இது நடக்காது. பயனர் சொன்னாலும் மறுபடி செய்துகாட்ட முடியாது. சர்வர் தரவைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளும் குவெரி லைப்ரரிகளான டான்ஸ்டாக் குவெரி, எஸ்டபிள்யூஆர், ஆர்டிகே குவெரி போன்றவற்றில் ஒவ்வொரு பதிலும் தன் கீயின் (அடையாளப் பெயரின்) கீழ்தான் சேரும். ‘ஆர்டர்கள், நிலுவை’ ஒரு கீ, ‘ஆர்டர்கள், முடிந்தவை’ இன்னொரு கீ. தாமதமாக வந்த பதில் தன் இடத்துக்குப் போகும், திரையில் இருப்பதைத் தொடாது. பதில்கள் முந்திப் பிந்தி வரும் இந்த ரேஸ் கண்டிஷனைத் தடுக்க நீங்கள் தனியாக ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை.

உங்கள் ‘நிலுவை’, ‘அனுப்பியாயிற்று’ முரண்பாடும் இதன் உறவுதான். பட்டியல் ஓர் அரேயில் இருக்கிறது, திறந்த ஆர்டர் தனி ஆப்ஜெக்டாக இருக்கிறது. விவரப் பக்கத்தில் நிலையை மாற்றியதும் அந்த ஆப்ஜெக்ட் மட்டும் மாறுகிறது, அரேயில் உள்ள நகலுக்குச் செய்தி போவதில்லை. குவெரி லைப்ரரியில் மாற்றம் வெற்றியானதும் ‘ஆர்டர்கள்’ என்று தொடங்கும் எல்லா கீகளையும் இன்வாலிடேட் செய்யச் சொல்லலாம், அதாவது பழையதாகிவிட்டதாகக் குறிக்கச் சொல்லலாம். திரையில் இருப்பவை உடனே புதிதாகக் கேட்கப்படும், மற்றவை அடுத்து யாராவது திறக்கும்போது. அறிவிப்பு எண்ணிக்கையும் அப்படியே: சில நொடிக்கு ஒருமுறை கேட்கலாம், அல்லது சர்வர் தானே செய்தி அனுப்ப உதவும் வெப்சாக்கெட்டில் செய்தி வந்ததும் அந்தக் கீயை மட்டும் இன்வாலிடேட் செய்யலாம்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். டான்ஸ்டாக் குவெரியில், தரவு எவ்வளவு நேரம் புதியதாகக் கருதப்படும் என்று சொல்லும் ஸ்டேல்டைமின் இயல்பு மதிப்பு 0. அதாவது வந்த நொடியிலேயே தரவு பழையதாகக் கருதப்படும். காம்பொனென்ட் மறுபடி மவுன்ட் ஆனாலோ (திரையில் சேர்ந்தாலோ), பயனர் வேறு டேபுக்குப் போய்த் திரும்பினாலோ அழைப்பு போகும். ‘இந்த லைப்ரரி ஏபிஐயைப் போட்டு அடிக்கிறது’ என்று புகார் சொல்பவர்களில் பலர் இதை மாற்றாமல் விட்டவர்கள். ஆர்டர்களுக்கு 30 நொடி, நாடுகளின் பட்டியல் போன்ற அசையாத தரவுக்கு எல்லையே இல்லாத காலம் என்று தரவின் தன்மை பார்த்து வையுங்கள். இரண்டாவது எச்சரிக்கை இன்னும் முக்கியம்: குவெரியில் வந்ததை, ரெண்டருக்குப் பின் ஓடும் யூஸ்எஃபெக்ட் போட்டு ஸ்டோருக்கு நகலெடுக்காதீர்கள். நிறைய கோட்பேஸ்களில் இதைப் பார்க்கிறேன். நகலிலிருந்து இன்னொரு நகல் எடுத்த கணமே, எந்த நோயைத் தீர்க்க வந்தோமோ அதே நோய் திரும்ப ஒட்டிக்கொள்கிறது.

பதில் வருவதற்கு முன்பே திரையை மாற்றும் ஆப்டிமிஸ்டிக் அப்டேட்டைப் பற்றியும் கேட்பீர்கள். நட்சத்திரம் குத்துவது, படித்ததாகக் குறிப்பது போன்ற, தவறினால் சத்தமில்லாமல் பின்வாங்கக்கூடிய செயல்களுக்கு மட்டும் செய்யுங்கள். பணம் திரும்பக் கொடுப்பது போன்ற செயலில், நடக்காததை நடந்ததாக ஒரு நொடி காட்டுவதும் தவறு. அங்கே பட்டனில் ஒரு ஸ்பின்னர் சுற்றட்டும்.

ஃபில்டர், வரிசைப்படுத்தல், பக்க எண், எந்த டேப், எந்த ஆர்டர் திறந்திருக்கிறது ஆகியவற்றின் சொந்தக்காரர் யூஆர்எல். சோதித்துப் பார்ப்பது எளிது: இந்த லிங்கைச் சக ஊழியருக்கு அனுப்பினால் அவருக்கும் இதே திரை தெரிய வேண்டுமா? ரீலோட் செய்தால் இதே இடத்தில் இருக்க வேண்டுமா? பேக் பட்டன் இதை மதிக்க வேண்டுமா? ஆம் என்றால் யூஆர்எல்லில்தான் இருக்க வேண்டும், அங்கே மட்டும்தான் இருக்க வேண்டும். ஸ்டோரிலும் ஒரு பிரதி வைத்துக்கொண்டு இரண்டையும் ஒத்திசைக்க எஃபெக்ட் எழுதினால், இது அதை மாற்ற, அது இதை மாற்ற என்று சுற்றிக்கொண்டே இருக்கும். யூஆர்எல்லிலிருந்து நேரடியாகப் படித்து, அதையே குவெரியின் கீயில் சேருங்கள். பக்க எண் ‘-4’ என்றோ வெறும் எழுத்தாகவோ வரலாம் என்பதால் படிக்கும் இடத்திலேயே சரிபாருங்கள். தேடல் சொல்லை எழுதும்போது ஹிஸ்டரியில் புதிய பதிவைச் சேர்க்காமல் இருப்பதையே மாற்றுங்கள். இல்லையென்றால் பேக் பட்டனை எழுத்துக்கு எழுத்து அழுத்தித்தான் வெளியே வர முடியும்.

மோடலுக்கும் இதே சோதனைதான். குறிப்பிட்ட ஆர்டரைக் காட்டும் மோடல் என்றால் யூஆர்எல். ‘நிச்சயமாக நீக்கவா?’ என்று கேட்கும் பெட்டி என்றால், அதைத் திறக்கும் காம்பொனென்டின் யூஸ்ஸ்டேட். ஃபார்மில் பாதி நிரப்பிய மதிப்புகள் ஃபார்முக்கே சொந்தம். கணக்கிட்டுப் பெறக்கூடிய எதையும் சேமிக்காதீர்கள்: தேர்ந்தெடுத்த வரிசைகளின் ஐடிகளை வைத்தால் போதும், எத்தனை என்பதையும் மொத்தத் தொகையையும் ரெண்டரின்போது கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இத்தனையும் போனபின் உங்கள் கான்டெக்ஸ்டில் என்ன மிச்சம்? தீம், லாகின் செய்தவர், பக்கப்பட்டை சுருங்கியிருக்கிறதா, சிறிது நேரம் தோன்றி மறையும் டோஸ்ட் செய்திகளின் வரிசை, பல பக்கங்களில் டிக் செய்துகொண்டே போகும் ஆர்டர் தேர்வு. உண்மையான குளோபல் கிளையன்ட் ஸ்டேட் இவ்வளவுதான். இதற்கு லைப்ரரி வேண்டுமென்றால் இப்போது பேசலாம்.

உங்கள் அளவுக்கு என் தேர்வு ஜுஸ்டாண்ட். எழுத வேண்டியது குறைவு, ப்ரொவைடர் கட்டாயமில்லை. ரெடக்ஸின் அதிகாரபூர்வத் தொகுப்பான ரெடக்ஸ் டூல்கிட்டில் ஏற்கெனவே ஒழுங்காக ஓடும் ஆப் என்றால் மாற்றச் சொல்ல மாட்டேன். அதிலேயே ஆர்டிகே குவெரி இருக்கிறது. பெரிய குழு, ஒரு நிகழ்வுக்கு ஸ்டோரின் பல பகுதிகள் எதிர்வினை காட்ட வேண்டும், எந்த ஆக்‌ஷனால் என்ன மாறியது என்று பின்னோக்கிப் பார்த்தாக வேண்டும் என்றால் ரெடக்ஸ்தான் இன்றும் என் முதல் தேர்வு. ரெடக்ஸ் என்றாலே பக்கம் பக்கமாக எழுத வேண்டும் என்ற பேச்சு 2019-இல் டூல்கிட் வருவதற்கு முந்தைய காலத்தது. ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன மதிப்புகள் ஒன்றையொன்று சார்ந்து மாறும் வரைபலகை, விரிதாள் மாதிரியான ஆப்களுக்கு, ஸ்டேட்டைச் சிறு துண்டுகளாக வைக்கும் ஜோட்டாய் என்ற லைப்ரரி பொருந்தும்.

எதை எடுத்தாலும், ஸ்டோரிலிருந்து வேண்டிய பகுதியை மட்டும் எடுக்கும் செலக்டரில் கவனமாக இருங்கள். ஜுஸ்டாண்டின் ஸ்டோர் ஹூக்கை (காம்பொனென்டுக்குள் அழைக்கும் ஃபங்ஷனை) செலக்டர் இல்லாமல் அழைத்தால் முழு ஸ்டோருக்கும் சப்ஸ்கிரைப் ஆகிவிடுவீர்கள். கான்டெக்ஸ்டில் பட்ட பாடே திரும்ப வரும். செலக்டருக்குள் ஃபில்டரோ மேப்போ போட்டு ஒவ்வொரு முறையும் புதிய அரே திருப்பினால், 5-ஆம் பதிப்பில் முடிவில்லாத ரெண்டரில் மாட்டி எரர் வரும். அதற்கு, உள்ளே இருப்பவை மாறினவா என்று ஒப்பிடும் யூஸ்ஷாலோ இருக்கிறது. அதைவிட, மூல மதிப்பை மட்டும் எடுத்து வெளியே கணக்கிடுவது நல்லது. ஸ்டோரை மாற்றும் வழிகளையும் வெறும் செட்டர்களாக வைக்காமல், ‘தேர்வைக் காலிசெய்’, ‘பக்கம் முழுவதையும் தேர்ந்தெடு’ என்று பயனர் செய்யும் செயலின் பெயரிலேயே எழுதுங்கள். ஆறு மாதம் கழித்துப் படிப்பவருக்கு எது ஏன் மாறுகிறது என்று தெரியும்.

காம்பொனென்டுகள் லைப்ரரியை நேரடியாக இறக்குமதி செய்யாமல், நீங்கள் எழுதிய ஹூக் வழியாகவே ஸ்டோரைத் தொடட்டும். 2020-இல் ஃபேஸ்புக் வெளியிட்ட ரீகாயில் என்ற ஸ்டேட் லைப்ரரி பெரிய எதிர்பார்ப்பைக் கிளப்பியது. 2025 தொடக்கத்தில் அதன் ரெப்போவை ஆர்க்கைவ் செய்துவிட்டார்கள். அதன் ஆட்டம்களை (ஸ்டேட் துண்டுகளை) நூற்றுக்கணக்கான கோப்புகளில் நேரடியாகப் பயன்படுத்தியிருந்தால் அதிலிருந்து வெளியே வருவது பெரிய வேலை.

லாகவுட்டைப் பலர் மறக்கிறார்கள். அப்போது ஸ்டோரையும் குவெரி கேஷையும் சேர்த்துக் காலிசெய்யாவிட்டால், அதே கணினியில் அடுத்து லாகின் செய்பவருக்கு முந்தையவரின் ஆர்டர்கள் ஒரு கணம் தெரியும். பக்கத்தைச் சர்வரிலேயே உருவாக்கும் சர்வர் சைட் ரெண்டரிங் இருந்தால் இதைவிட ஆபத்து: ஒரு ஃபைலின் மேல்மட்டத்தில் உருவாக்கிய ஸ்டோர் சர்வரில் எல்லா ரிக்வெஸ்டுகளுக்கும் பொதுவாகிவிடும். ஒருவரின் தரவு இன்னொருவரின் பக்கத்தில் போய் உட்காரும். அங்கே ரிக்வெஸ்டுக்கு ஒரு ஸ்டோரும் ஒரு குவெரி கிளையன்டும் புதிதாக உருவாக்கியே ஆக வேண்டும். லோக்கல் ஸ்டோரேஜில் சேமிப்பதென்றால் தீம், பக்கப்பட்டை போன்றவற்றை மட்டும் வையுங்கள், கூடவே ஒரு பதிப்பு எண்ணும். வடிவம் மாறியபின் பழைய தரவை அப்படியே படித்தால் ஆப் திறக்கும்போதே உடையும். லாகின் டோக்கனை அங்கே வைக்காதீர்கள், பக்கத்தில் நுழைந்துவிடும் எந்த ஸ்கிரிப்டும் அதைப் படிக்க முடியும்.

வேறு ஃப்ரேம்வொர்க்கில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வியூவில் பினியா, ஆங்குலரில் 16-ஆம் பதிப்பிலிருந்து சிக்னல்கள், ஸ்வெல்ட் 5-இல் ரூன்கள் என்று எல்லாமே, மாறியதைப் படித்த இடம் மட்டும் புதுப்பிக்கப்படும் திசையில் போகின்றன. சிக்னல்களை ஜாவாஸ்கிரிப்டிலேயே சேர்க்கும் முன்மொழிவு 2024-இல் ஜாவாஸ்கிரிப்ட் தரநிலைக் குழுவான டிசி39-இன் முதல் கட்டத்துக்கு வந்தது. இவற்றில் எழுத்து தட்டினால் பக்கம் திணறும் கோளாறு அநேகமாக வராது. ஆனால் சர்வர் தரவை இரண்டு இடத்தில் நகலெடுத்து வைத்தால் அங்கும் ஆர்டர் இரண்டு நிலையில்தான் தெரியும்.

வேலையை இந்த வரிசையில் எடுத்துக்கொள்ளுங்கள். தேடல் சொல்லைப் பெட்டிக்குள் இறக்குங்கள், அது இன்றே முடியும். பிறகு ஆர்டர் பட்டியலையும் ஆர்டர் விவரத்தையும் மட்டும் குவெரி லைப்ரரிக்கு மாற்றுங்கள். மற்ற ஏபிஐகள் பழையபடியே இருக்கட்டும், இரண்டும் அருகருகே ஓடுவதில் தவறில்லை. இந்த இரண்டோடு உங்கள் இரண்டு புகார்களும் தீர வேண்டும். தீரவில்லையென்றால் ப்ரொஃபைலர் பதிவைப் பார்க்காமல் மேலே போகாதீர்கள். அடுத்து ஃபில்டர்களை யூஆர்எல்லுக்கு நகர்த்துங்கள். கடைசியாக மிஞ்சிய கான்டெக்ஸ்டைத் திறந்து பாருங்கள். தீமும் பயனரும் மட்டும் என்றால் இரண்டு தனிக் கான்டெக்ஸ்டாகப் பிரித்துவிட்டு அத்தோடு நிறுத்தலாம், ஸ்டோர் லைப்ரரி எதுவும் தேவைப்படாது. பல பக்கத் தேர்வும் இருந்தால் அதை ஜுஸ்டாண்டில் வையுங்கள். அதற்கு முன் ஒன்றைப் பயன்படுத்துபவர்களிடம் கேட்டுவிடுங்கள்: ஃபில்டரை மாற்றும்போது முன்பு டிக் செய்தவை நிலைக்க வேண்டுமா, அழிய வேண்டுமா? ஸ்டோரின் வடிவம் அந்தப் பதிலைப் பொறுத்துத்தான் அமையும்.